இரண்டாவது அழைப்பு

சென்ற மாதம் மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு விசேஷத்தில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனை அவனுடைய அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "டிசைனராத்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் அக்கா. நீங்க எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்க, அப்படியே வந்துரட்டும்" என்றார். பையன் ஏற்கனவே மனத்தில் அடுக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்: "ஆன்ட்டி, எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கணும்?" நான் பதில் சொன்னேன். மென்பொருள்களின் பெயர்களைச் சொன்னேன். பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி. வளாகத்தின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியைப் பற்றியும், அங்கே இளநிலைப் படிப்பில் சேர எழுத வேண்டிய யூசீட் தேர்வைப் பற்றியும், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு உண்டு என்பதைப் பற்றியும், 1857-இல் தொடங்கிய சர் ஜே.ஜே. கலைப்பள்ளி நம் ஊரிலேயே இருப்பதைப் பற்றியும் சொன்னேன். தினமும் ஒரு பக்கமாவது கையால் வரை என்றேன். பத்து நல்ல வேலைகளைத் தொகுத்து வைத்துக்கொள் என்றேன். அவன் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

சயானில் வண்டி ஏறி, குர்லாவில் இறங்கி, செம்பூருக்குப் போகும் ஹார்பர் வண்டிக்காக நின்றபோதே மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது. நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவனுடைய அம்மா கேட்டது வேறு. நான் எப்படி வந்தேன் என்று கேட்டார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. ஐ.டி.சி.யின் முதுநிலைப் படிப்புக்கான சீட் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் இடம் கிடைக்காமல் போனவள் நான். என் வாழ்க்கைக்குப் பயன்படாத வழியை எனக்குத் தெரிந்த வழிபோல் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வழி நல்ல வழிதான். அதில் போனவர்கள் பலரை மதிக்கிறேன். ஆயினும் என்னைத் தேடி இன்று வேலை வருகிறது என்றால், அது தொடங்கிய இடம் ஒரு முறுக்குப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர். அதை அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கொம்பு நகர்ந்த கதை

2011-ஆம் ஆண்டு. லோயர் பரேலில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாதம் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தேன். பயன்பாட்டுக் கலையில் பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஜூலை 15 அன்று, ரூபாய்க்கான புதிய குறியீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழர், நம் மும்பை ஐ.டி.சி.யில் படித்தவர் என்ற செய்தியை அப்பா நாளிதழிலிருந்து வெட்டி, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். தினமும் காலையில் காபி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் துணுக்கு கண்ணில் படும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது, இரண்டரை லட்ச ரூபாய் பரிசு, நாடு முழுவதும் பேச்சு: எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அவர் பல ஆண்டுகள் தமிழ் எழுத்துருக்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு உழைத்தவர் என்பது அந்தச் செய்தியிலேயே இருந்தது. அந்த வரியைத் தாண்டித்தான் என் கண் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் தாராவியிலிருந்து ஓர் ஆச்சியின் வேலை வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்து நாற்பது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். நான்கைந்து பெண்களை வைத்துக்கொண்டு வீட்டு மாடியில் பலகாரம் செய்து மாதுங்கா கடைகளுக்குப் போட்டுவந்தார். அந்தத் தீபாவளிக்கு முதன்முறையாகப் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோடு போட்ட தாளில் நீல மையால் அவரே எழுதிக் கொடுத்தார்: கைமுறுக்கு, தட்டை, தேன்குழல், ஓலைப் பக்கோடா. நான் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். பள்ளியில் படித்தது ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஓலையின் 'லை'யை ஆச்சி பழைய முறையில், யானைத் துதிக்கை போல் மேலே வளைத்து எழுதியிருந்தார். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது அவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார். அவருடைய கைக்கு அந்த ஆணை எட்டவே இல்லை. நான் அதைப் பேனா தடுமாறியதால் வந்த கிறுக்கல் என்று நினைத்துக்கொண்டேன். தாளைப் படமெடுத்து ஊரிலிருக்கும் அத்தை மகனுக்கு அனுப்பி, தட்டச்சு செய்து வாங்கி, அதை அப்படியே மென்பொருளில் ஒட்டினேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழில் இதற்குள்தான் இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'தே' என்பது முதலில் 'த', அதன் பின் ஏகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் காட்டும்போது அந்த இரட்டைக் கொம்பை எடுத்து 'த'வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அன்றைக்குப் பரவலாகப் புழங்கிய வடிவமைப்பு மென்பொருள் பதிப்புகள் பலவற்றுக்கு அந்த வேலை தெரியாது. இன்றும் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்வு செய்யாமல் விட்டால் அதே விபத்து நடக்கும். ஆகவே 'தேன்குழல்' என்ற சொல்லில் கொம்பு 'த'வை விட்டுவிட்டு அடுத்த எழுத்தான 'ன்'னுக்கு முன்னால் போய் நின்றது. 'கைமுறுக்கு' என்பதில் ஐகாரக் குறி 'மு'வின் தலைமாட்டில் வந்து நின்றது. 'தட்டை'யில் அதற்கு அடுத்து எழுத்தே இல்லை. சொல்லின் கடைசியில் தன்னந்தனியாகத் தொங்கியது. தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைச் சரிசெய்தேன், அடர் பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன், ஓரத்தில் கோலம் வரைந்தேன். அரை நாள் அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறைகூட அவற்றைப் படிக்கவில்லை.

5000 ஸ்டிக்கர்கள் அச்சாகிப் போன மூன்றாம் நாள் ஆச்சி கூப்பிட்டனுப்பினார். போனேன். மாடிப்படி முழுக்க எண்ணெய்ச் சட்டியின் வெக்கை. பெண்கள் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆச்சி ஒரு ஸ்டிக்கரைக் கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, இது யாரு எழுத்து?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் எழுதிக் கொடுத்த தாள்ல கொம்பு முன்னாலதான இருந்துச்சு? நான் மூணாப்பு வரைக்குந்தான் படிச்சேன், எனக்கே தெரியுது. எம் பேரு போட்டு விக்கிற சாமான். எழுதப் படிக்கத் தெரியாதவ செஞ்ச பண்டம்னுலா நெனப்பாவ." குரலை உயர்த்தவே இல்லை. நூற்றுச் சொச்சம் பொட்டலங்கள் ஏற்கனவே கடைக்குப் போயிருந்தன.

அலுவலகத்தில் வந்து சொன்னபோது, மாதிரி அச்சுக்கு வாடிக்கையாளர் தரப்பில் ஒப்புதல் வந்திருக்கிறது, ஆகவே நம் பொறுப்பு இல்லை என்றார்கள். அது உண்மைதான். மாதிரியை மின்னஞ்சலில் ஆச்சியின் மகனுக்கு அனுப்பியிருந்தோம். அவருக்கும் என்னைப் போலவே தமிழ் பேச மட்டுமே தெரியும், சரி என்று பதில் அனுப்பிவிட்டார். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்புதல் யார் கொடுத்தால் என்ன, அந்தச் சொற்களைச் சிதைத்தது என் கை. மறுநாள் மறு அச்சுக்கான 9000 ரூபாயை என் சேமிப்பிலிருந்து கொடுத்து, விடுப்பு எடுத்துக்கொண்டு, வடாலாவில் இருந்த அச்சகத்துக்கு நானே போனேன். அதுவரை மூன்று ஆண்டு வேலையில் நான் அச்சகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கோப்பை அனுப்புவோம், கட்டு வரும், அவ்வளவுதான்.

இயந்திரத்தின் பக்கத்தில்

அந்த ஒரு நாள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுத்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். இயந்திரத்தை ஓட்டியவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாதவர். ஆனால் ஓடிவந்த முதல் தாளைக் கையிலெடுத்து, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'ண'வின் சுழிகளும் 'ழ'வின் வளைவும் அடைத்துக்கொண்டு புள்ளிகளாகியிருந்தன. நான்கு நிற மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அடர் பழுப்பாகும் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்தை வைத்தால், மை சற்றே பரவி உள்ளே இருக்கும் சிறு இடைவெளிகளை விழுங்கிவிடும். அச்சுத் தகடுகளான பிளேட்டுகள் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் நிறம் கசியும். கண்ணாடித் திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இது தெரியாது. ஆங்கில எழுத்துக்கு இந்தத் தடிமன் போதும். சுழியை நம்பி நிற்கும் எழுத்துக்குப் போதாது. அன்று அங்கேயே உட்கார்ந்து எழுத்தைத் தடிமனாக்கி, சிறு எழுத்துகள் எல்லாவற்றையும் வெளிர் பின்னணியில் கறுப்பு மை ஒன்றிலேயே விழும்படி மாற்றி, பிளேட்டை மறுபடி போடச் சொன்னேன். ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்து நான்கு பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். சிறுபிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் நான் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார்.

அதன்பின் தமிழ் படிக்க உட்கார்ந்தேன். இருபத்தைந்து வயதில் அரிச்சுவடி வாங்கினேன். படிக்க வந்தாலும் வடிவம் கைக்கு வரவில்லை. தாராவியில் கோயிலுக்கும் கடைகளுக்கும் பலகை எழுதிவந்த பெயிண்டர் ஒருவரை ஆச்சியே அறிமுகம் செய்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இடது கையில் மூங்கில் குச்சியைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைத் தாங்கி, 'ழ'வை இரண்டே இழுப்பில் முடிப்பார்; தூரிகையைத் தூக்கும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். எழுதத் தொடங்கும் முன் சுண்ணக்கட்டியால் நான்கு கோடுகள் போடுவார். நடு இரண்டுக்குள் எழுத்தின் உடல். மேல்கோடு புள்ளிக்கும் இகரச் சுழிக்கும், கீழ்க்கோடு உகரக் காலுக்கும். நான் ஆங்கிலத்துக்குப் பழகிய கணக்கில் வரிகளை நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல் வரியின் உகரக் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொண்டு நின்றதன் காரணம் எனக்கு அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுகளில்தான் விளங்கியது. பிளெக்ஸ் பலகைகள் வந்து அவருடைய வேலையை எடுத்துக்கொண்டன. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய நான்கு கோடுகளை இன்றும் ஒவ்வொரு புதிய வேலையிலும் முதலில் போட்டுக்கொள்கிறேன்.

பின்னாளில் ஆர்.கே. ஜோஷியைப் பற்றிப் படித்தபோது மனத்துக்கு ஒரு தெளிவு கிடைத்தது. மும்பையில் விளம்பரத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், பிறகு ஐ.டி.சி.யில் ஆசிரியரானவர், விண்டோஸில் வந்த மங்கள் என்ற, இந்தியும் மராத்தியும் எழுதும் தேவநாகரிக்கான எழுத்துரு அவர் கைவண்ணம். விளம்பர வேலை, ஆசிரியர் வேலை, கணினி வேலை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் எழுத்து என்ற ஒரே பொருளை அவர் விடவில்லை. வடிவமைப்பில் பெயர் வாங்கியவர்களைப் பார்த்து நாம் அவர்களுடைய பாணியைப் படியெடுக்கிறோம். அவர்கள் எந்தப் பொருளின் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. உதயகுமாரைப் பற்றிய துணுக்கில் நான் தாண்டிப்போன வரியும் அதுதான்.

நோட்டுப் புத்தகம்

ஆச்சி மறுபடி அழைத்தது 2013 பொங்கலுக்கு. அதிரசத்துக்கும் எள்ளுருண்டைக்கும் ஸ்டிக்கர் வேண்டும் என்றார். என் நிறுவனத்தை அழைக்கவில்லை, என்னை அழைத்தார். "நீயே வந்து படிச்சிக் காட்டு" என்றார். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தில் தேதியையும் வேலையையும் எழுதினேன். அதில் முதல் முறை வருபவர்களை எழுதுவதில்லை; இரண்டாவது முறை அழைப்பவர்களை மட்டும் எழுதுகிறேன். முதல் அழைப்பு நம் படங்களைப் பார்த்தும் வரும், தெரிந்தவர் சொல்லியும் வரும், விலை குறைவு என்றும் வரும். ஒருமுறை நம்மிடம் பணம் கொடுத்துப் பார்த்தவர் மறுபடி கொடுக்க முன்வருகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அந்த நோட்டில் பதினான்கு பெயர்கள் சேர்ந்தபோது, 2014-இல், சம்பள வேலையை விட்டேன். வீட்டில் பயந்தார்கள். எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். பதினான்கு பெயர்களையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

பண விஷயத்தில் நான் தாமதமாகக் கற்றதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல கை உள்ள பலர் இதனால்தான் தொழிலை விட்டு ஓடுகிறார்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை. எத்தனை திருத்தம் வரை இந்தத் தொகை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சிறு தொழில்களை அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துகொண்டால் 2006-ஆம் ஆண்டுச் சிறு குறு தொழில் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் நம் பணத்தை நிறுத்திவைக்க முடியாது, வைத்தால் வட்டி கேட்க உரிமை உண்டு. ஒரு பெரிய நிறுவனம் ஏழு மாதம் என்னை அலையவைத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவைக் குறிக்காவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரு தரப்புக்கும் பின்னால் மனக்கசப்பு வராது.

2023-இன் கடைசி மாதங்கள் என் நோட்டின் பக்கங்களை வேகமாக நிரப்பின. கடைப் பெயர்ப்பலகையில் மராத்தி இருக்க வேண்டும், பிற மொழி எழுத்துகளைவிட அது சிறியதாக இருக்கக் கூடாது என்ற விதியை 2022-இல் மகாராஷ்டிரம் சிறு கடைகளுக்கும் விரித்திருந்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் பலகைகளை மாற்றச் சொன்னது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழ்க் கடைக்காரர்கள் பதறிக்கொண்டு பிளெக்ஸ் கடைகளுக்கு ஓடினார்கள். கணினியில் பெயரைத் தட்டி வருவதை அப்படியே அடித்துக் கொடுத்தார்கள். எழிலும் செல்வியும் பெயர் மாறிப்போனார்கள், ஏனென்றால் தேவநாகரியில் நம் குறில் எகரத்துக்குப் புழக்கத்தில் எழுத்து இல்லை. செல்வி சேல்வி ஆகிவிடுவாள். ழகரத்துக்கென்று தேவநாகரியில் ஒரு வடிவம் இருக்கிறது, ஆனால் மராத்திக்காரர் யாருக்கும் அது பழக்கமில்லை. அவர்களுக்குப் பழகியது ளகரம். ஒரு பூக்கடைக்காரர், தன் மகள் எழிலின் பெயரை வைத்த பலகையின் முன் என்னை நிறுத்தி, "இது எம் பொண்ணு பேரே இல்லம்மா" என்றார். அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து, பக்கத்துக் கடை மராத்திக்காரரை அழைத்து ஒவ்வொரு வடிவத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எது காதுக்கு நெருக்கமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்தோம். ளகரம் வைத்த வடிவத்தில் தந்தை சமாதானமானார். தமிழ்ப் பெயரை அதற்குக் கீழே, அளவில் கூடாமல் எழுதினேன். ழகரத்தின் கால் நீண்டு இறங்க இடம் விட்டேன். இரண்டு மாதத்தில் முப்பத்தொரு பலகைகள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு திருமண அழைப்பிதழுக்கோ பை அச்சடிக்கவோ மறுபடி கூப்பிட்டார்கள்.

ஆச்சி போன ஆண்டு காலமானார். அவருடைய பலகாரத்தை இப்போது மருமகள் நடத்துகிறார். ஸ்டிக்கரில் 'ஓலை'யை மட்டும் மாமியார் எழுதியபடியே பழைய துதிக்கை வடிவத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டார். எந்த எழுத்துருவிலும் தேடாமல், அந்த நீல மைத் தாளை வைத்துக்கொண்டு கையால் வரைந்து கொடுத்தேன்.

நேற்று அந்தப் பையனின் அம்மாவை அழைத்தேன். அன்று அவனுக்குச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன் என்றேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வடாலா அச்சகத்தில் ஓர் இட்லிப் பொடிக்கான லேபிளின் முதல் தாள் ஓடுகிறது. அவனை அனுப்பிவையுங்கள், மடிக்கணினி வேண்டாம், ஒரு பென்சில் போதும் என்றேன். "தமிழ் படிக்கத் தெரியுமா அவனுக்கு?" என்று கேட்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பான் என்றார்.